தொப்புளைச் சுற்றி எத்தனை அங்குலம்

கிளாஸ்கோ
3 பிப்ரவரி 1986

அன்புள்ள லாக்லன் மாமாவுக்கு,

ஃபின்லி எழுதுகிறேன். நானும் எல்ஸ்பெத்தும் நலம். இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் புதுவருஷத்தன்று நீங்கள் எல்ஸ்பெத்தின் அப்பாவைத் தொலைபேசியில் பிடித்து எனக்குப் பதினொரு கால்விரல் என்று சொல்லிவைத்தீர்கள். மிஸ்டர் கிராஃபோர்ட் இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, என் பூட்ஸைப் பார்த்துத்தான் பேசுகிறார். அதனால் கல்யாணம் முடியும்வரை நமக்குள் எல்லாமே எழுத்தில். அப்போதுதான் பிறகு "நான் எங்கடா அப்படிச் சொன்னேன்?" என்று உங்களால் கேட்க முடியாது.

விஷயம் இதுதான். மே 31, சனிக்கிழமை, கிரீஃப் ஊர்த் தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேர்: எல்ஸ்பெத்தின் தம்பி நைஜல், உங்கள் டோபர்மோரியிலிருந்து டார்கில், ஆங்கஸ், அப்புறம் நீங்கள். என் வலது பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்.

என்னையும் சேர்த்து ஐந்து பேருக்கும் இடுப்பில் சுற்றிக் கட்ட ஒரே கட்டம் போட்ட கில்ட் பாவாடை. வாடகைக்குத்தான். இங்கே மிஸஸ் ராங்கின் என்று ஓர் அம்மாள் கடை வைத்திருக்கிறார். அவருடைய அளவுப் படிவம் இத்துடன் இருக்கிறது. நான் தீவுக்கு வர முடியாது, அலுவலகத்தில் விடுப்பு இல்லை. டார்கிலுக்கும் ஆங்கஸுக்கும் உங்களுக்கும் அளவெடுத்து இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள்.

மாமா, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். இடுப்பு என்றால் தொப்புளைச் சுற்றி. கால்சட்டை நிற்கிற இடம் இல்லை, பெல்ட் போடுகிற இடம் இல்லை, தொப்புள். அடுத்தது பின்புறத்தின் பெருத்த இடம். மூன்றாவது, முட்டிபோட்டு நிற்கவைத்துத் தொப்புளிலிருந்து தரைவரை. ஆளுக்கு மூன்று எண். கதை வேண்டாம், எண் மட்டும் போதும்.

அன்புடன்,
ஃபின்லி

*

டோபர்மோரி, உலகத்தின் தலைநகரம்
11 பிப்ரவரி 1986

கிளாஸ்கோ மாநகரத்தின் நிலத்தையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்து முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே மலையான தன் மாமனை அளக்கப் புறப்பட்டிருக்கும் நில அளவையாளன் ஃபின்லிக்கு, ஒற்றைப் படகு கொண்ட மாபெரும் கடற்படையின் தளபதியும் மேற்குக் கடலின் நண்டுகளெல்லாம் பெயர் சொல்லி நடுங்குபவனுமாகிய லாக்லன் மக்லேன் ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஓபன் துறைமுகத்திலிருந்து இங்கே வர அந்தப் படகு ஒன்பது நாள் போராடியதாம். அலை ஒவ்வொன்றும் தேவாலயக் கோபுரம் உயரம். தபால்காரன் பாதியைக் கடல்நாய் தின்றுவிட்டது, மீதிப் பாதிதான் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. இவ்வளவு உயிர்ச்சேதத்துக்குப் பிறகு உறையைப் பிரித்தால் உள்ளே என்ன? என் தொப்புளைப் பற்றி மூன்று கேள்வி.

சரி, மருமகன் கேட்டுவிட்டான். படிவத்தைத் தூக்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போனேன். படகுத்துறையில் கயிறு பிடிக்கிற டார்கில் வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"டார்கில், உன் இடுப்பு எத்தனைடா?"

"முப்பத்திரண்டு."

"எப்போ?"

"என் கல்யாணத்தப்போ."

"உன் கல்யாணம் எந்த வருஷம்?"

"அதெல்லாம் படிவத்துல கேட்டிருக்கா?"

கேட்கவில்லைதான். முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டேன். ரொட்டிக்கடை ஆங்கஸ் முப்பத்துநாலு என்றான். "ரொட்டிய ஊருக்குத்தான் விக்கிறேன், நானா திங்கிறேன்?" என்று சத்தியமும் செய்தான். அப்போது அவன் வாயில் ரொட்டி இருந்தது. உன் மாமனுக்கு முப்பத்தாறு. பின்புறம் நாற்பத்தொன்பது. கடலோடு மல்லுக்கட்டின உடம்பு, அப்படித்தான் இருக்கும்.

இப்போது என் முறைக்கு வருகிறேன். படிவத்தின் மேல் மூலையில் உன் கையெழுத்தில் என்ன இருக்கிறது? "நிறம்: சாம்பல். குலம்: எதுவுமில்லை." நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். எதுவுமில்லை!

டேய் மாப்ளே. இந்த நாட்டில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மக்லேன் குலத்தின் சிவப்பு இருக்கிறதே, அது ஒரு தடவை கொடியில் காய்ந்தபோது சூரியன் வெட்கப்பட்டு நாலு நாள் எங்கள் தீவுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் அப்பன் வழி மக்நீல் பச்சை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் பேசவில்லை. உன்னை நாலு வயதில் விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறினவன் கட்டம் எந்த நிறமானால் எனக்கென்ன? ஆனால் சாம்பல்? நனைந்த ஆட்டை விட்டுவிட்டு அதன் நிழலை உரித்த மாதிரி ஒரு துணி! அதைக் கட்டிக்கொண்டு நின்றால் மழைமேகம் என்று நினைத்துப் பாதிரியார் குடை விரிப்பார்.

யோசித்துச் சொல். யோசிக்காமல் சொன்னாலும் சிவப்பு என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா ஐசபெல்லின் ஒரே தம்பியும், பதினாலு வருஷம் உன் காலுறையைத் துவைத்தவனுமாகிய
தாய்மாமன் லாக்லன்

*

கிளாஸ்கோ
19 பிப்ரவரி 1986

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று எண் கேட்டேன். நாலு பக்கம் வந்தது. அந்த நாலு பக்கத்தில் ஓர் எண்கூட உண்மையில்லை.

உங்கள் படிவத்தை மிஸஸ் ராங்கினிடம் கொடுத்தேன். அவர் ஒரு தடவை படித்தார். தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "இடுப்பு முப்பத்தாறு, பின்னால நாப்பத்தொம்பது. உங்க மாமா மனுஷனா, கோயில் மணியா?" என்று கேட்டார். நான் அளவெடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் மாமா. என் குடும்பத்து ஆள் ஒருத்தருடைய அளவைக் கொடுக்க முடியாமல் நடுக்கடையில் நின்றேன்.

முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறாராம். ஆண்பிள்ளைகள் யாரும் தொப்புளில் அளக்கமாட்டார்கள், வயிற்றுக்குக் கீழே இறங்கிப்போன கால்சட்டையின் எண்ணைத்தான் சொல்வார்கள், அதிலும் இரண்டு அங்குலம் திருடுவார்கள் என்றார். அதனால் சோதனைக்கு மூன்று கில்டைப் பெட்டியில் வைத்து, ஆளுக்கொன்று பெயரெழுதி, அடுத்த வாரம் படகில் அனுப்புகிறார். கட்டிப் பாருங்கள். எத்தனை அங்குலம் பற்றவில்லை என்று எழுதுங்கள்.

நைஜலாவது ஒழுங்காக இருப்பான் என்று நினைத்தேன். லண்டனில் வளர்ந்த பிள்ளை. போன சனிக்கிழமை கடைக்கு வந்தான், பின்னால் வரவேண்டிய மடிப்பு முழுவதையும் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் கண்ணாடி முன் நின்று "நல்லாத்தானே இருக்கு?" என்றான். எனக்கு அழுகை வராத குறை. ஆனால் ஒன்று, உண்மையான இடுப்பளவைச் சொன்னான்.

சாம்பல்தான். எல்ஸ்பெத்தும் நானும் முடிவெடுத்தாயிற்று. காரணம் கேட்காதீர்கள்.

ஃபின்லி

*

டோபர்மோரி
14 மார்ச் 1986

காரணம் கேட்காதே என்று மாமனுக்கே உத்தரவு போடுமளவுக்கு உயர்ந்துவிட்ட ஃபின்லிக்கு,

பெட்டிகள் வந்தன. ஊர்மன்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சோதனை நடத்தினோம். நடுவராக நர்ஸ் ஷீனாவைக் கூப்பிட்டிருந்தோம், உயிருக்கு ஆபத்து வந்தால் வேண்டுமே.

முதலில் டார்கில். முப்பத்திரண்டு அங்குல கில்ட். அவன் மூச்சை இழுத்தான். மன்றத்தில் இருந்த காற்று முழுவதும் அவனுக்குள் போய்விட்டது, எங்களுக்கு மூச்சுத் திணறியது. ஷீனா பின்னாலிருந்து வாரை இழுத்துக் கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டாள்! கைதட்டினோம். அப்போது டார்கில் "எப்பிடி இருக்கு?" என்று வாயைத் திறந்தான் பார். கொக்கி பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பி, ஜன்னலை உடைத்து, துறைமுகத்தைத் தாண்டி, பறந்துகொண்டிருந்த கடற்காகம் ஒன்றை வீழ்த்தி, அந்தப் பக்கம் நின்ற மீன்பிடிக் கப்பலில் ஓட்டை போட்டது. கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது. மிஸஸ் ராங்கினிடம் சொல்லி ஒரு கப்பல் அனுப்பச் சொல்.

ஆங்கஸுக்கு வார் எட்டவே இல்லை. "துணி சுருங்கிடுச்சு, கடல்காத்து" என்றான். "கடல்காத்து உன் வயித்துக்குள்ள பூந்திருச்சு" என்றாள் ஷீனா. இரண்டு பேரும் கோபித்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஊரில் ரொட்டி இல்லை, நர்ஸும் இல்லை.

என்னுடையதா? என்னத்தைச் சொல்ல. உருக்கி வார்த்த மாதிரி. ஓர் அங்குலம் கூடுதலில்லை, குறைவில்லை. முப்பத்தாறுதான். மேலே எதுவும் எழுதவேண்டாம்.

ஆனால் அந்தச் சாம்பல்! கட்டினதும் நான் காணாமல் போய்விட்டேன். ஷீனா "லாக்லன், எங்க இருக்கீங்க?" என்று தேடினாள். சுவருக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உன் அம்மா இருந்து இதைப் பார்த்திருந்தால் அந்தத் துணியால் அடுப்படியைத் துடைத்திருப்பாள்.

நிறத்தை நினைத்து இனி நீ மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. மாமன் ஒருத்தன் இருக்கிறேன். பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உருக்கி வார்த்த லாக்லன்

*

கிளாஸ்கோ
2 ஏப்ரல் 1986

மாமாவுக்கு,

பார்த்துக்கொண்டீர்கள்.

நேற்று மிஸஸ் ராங்கின் என் அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, நீங்க கேட்டபடி அஞ்சும் சிவப்புக்கு மாத்தியாச்சு, மக்லேன் சிவப்பு, வந்து பாக்குறீங்களா?" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். உங்க கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கே என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். என் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். "மாண்புமிகு ராங்கின் சீமாட்டி அவர்களுக்கு" என்று ஆரம்பிக்கிறது. இந்த உலகத்தில் அப்படிக் கடிதம் எழுதுகிறவர் ஒருத்தர்தான்.

சாம்பல் ஐந்தையும் அதற்குள் ஸ்டர்லிங்கில் அதே நாளில் நடக்கிற வேறு ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். திரும்ப வாங்க முடியாது. எல்ஸ்பெத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "அவருக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்? நீங்களே எழுதிக் கொடுங்கள், கதைதான் உங்களுக்கு நன்றாக வருமே.

இன்னொன்று. மூன்று பெட்டியும் கடைக்குத் திரும்பி வந்தன. இரண்டு பெட்டியில் கட்டிப் பார்த்துக் கசங்கிய கில்டுகள், ஒன்றில் கொக்கி பிய்ந்திருந்தது. உங்கள் பெயர் எழுதின பெட்டியில் மிஸஸ் ராங்கின் கட்டிய கயிறு கட்டினபடியே, முடிச்சுகூட அவிழாமல் இருந்தது. உருக்கி வார்த்த மாதிரியாம்.

எடின்பரோவில் வேறு ஒரு கடையில் இதே சாம்பல் இருக்கிறது. சில அளவுகளில்தான். ஏப்ரல் 30-க்குள் சரியான எண் கொடுத்தால் எடுத்துவைப்பார்கள். டார்கிலுக்கும் ஆங்கஸுக்கும் அளவெடுத்துத் தரச் சொல்லி நர்ஸ் ஷீனாவுக்கு எழுதிவிட்டேன். உங்கள் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். முப்பதாம் தேதிவரை உண்மையான அளவு வராவிட்டால் நாலு பேருக்குத்தான் எடுப்பேன். என் வலது பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள்.

ஃபின்லி மக்நீல்

*

டோபர்மோரி
9 ஏப்ரல் 1986

திரு. ஃபின்லி மக்நீல் அவர்களுக்கு,

பெயருக்குப் பின்னால் குலப்பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பதினாலு வருஷம் என் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை இன்றைக்குத்தான் தன் முழுப்பெயரை எனக்குத் தெரிவித்திருக்கிறது. மகிழ்ச்சி.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கடிதம் நான்தான் எழுதினேன். மூன்று தடவை எழுதிக் கிழித்து நாலாவது தடவை எழுதினேன், உங்கள் கையெழுத்து அவ்வளவு கோணல். இதற்காக என்னை எடின்பரோக் கோட்டையில் கட்டிவைத்துத் தினமும் சாம்பல் துணியால் அடிக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சிவப்பில் என்ன தப்பு? உனக்கு அம்மை போட்டபோது பதினேழு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் குலம் அது. சரி, பதினேழு இல்லை, ஐந்து. உன் அம்மா இறந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நண்டுக்கூடைக்குள் ஒளிந்தாயே, கூடையோடு தூக்கிக்கொண்டுபோய் வாத்தியார் மேஜைமேல் வைத்தவன் குலம். கிரீஃப் தேவாலயத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை. துணியைப் பார்த்தாவது தெரியட்டுமே என்று நினைத்தேன். இவன் யாரால் ஆளானான் என்று துணி சொல்லட்டுமே. அதற்குப் பதிலாக "எதுவுமில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். எதுவுமே இல்லையா?

என் வரியைக் காலியாகவே விடுங்கள். நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வந்தால்.

லா. மக்லேன்

*

கிளாஸ்கோ
17 ஏப்ரல் 1986

மாமா,

காரணம் கேட்காதீர்கள் என்று எழுதினேன். நீங்களும் கேட்கவில்லை, கையெழுத்தைத் திருடினீர்கள். இப்போது நானே சொல்கிறேன்.

மிஸஸ் ராங்கினின் படிவத்தில் "குலம்" என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மக்நீல் என்று எழுதினால் இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு அஞ்சலட்டை போட்ட மனிதனின் பச்சையைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்யவேண்டும். அதை உங்கள் பக்கத்தில் நின்று என்னால் கட்ட முடியாது. மக்லேன் என்று எழுதினால், கல்யாணப் பத்திரிகையில் மக்நீல் என்று இருக்கிறது, இடுப்பில் மக்லேன் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் "ஏன் தம்பி?" என்று கேட்பார்கள். மிஸ்டர் கிராஃபோர்டின் தங்கைகள் மூன்று பேரும் கேட்பார்கள். என் கல்யாணத்தன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த மனிதன் கப்பலேறின கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் சொன்னால் அதில் திமிங்கிலமும் வரும்.

எல்ஸ்பெத் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாம்பல் துணிமேல் விரலை வைத்து, "இதுக்கு யார் பேரும் இல்ல. இதையே எடுத்துக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். உங்களை ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு நிறம் பெரிதில்லை மாமா. எனக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள். அந்த ஆளுக்குத் துணி வேண்டும். துணிக்கு எண் வேண்டும். அதை எழுதி அனுப்பச் சொல்லி இரண்டரை மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

13 நாள் இருக்கிறது.

ஃபின்லி

*

டோபர்மோரி
25 ஏப்ரல் 1986

ஃபின்லி,

கடற்காகம் எதுவும் சாகவில்லை. கொக்கி மேஜைக்கடியில் விழுந்தது. ஆங்கஸ் குனிந்து எடுத்தான்.

மிஸ்டர் கிராஃபோர்டுக்குத் தனியாக எழுதிவிட்டேன். பத்து விரல்தான் என்று.

எல்ஸ்பெத்துக்கும் எழுதியிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்று உன்னிடம் சொல்லமாட்டேன், அவள் சொன்னால் சொல்லட்டும்.

பெட்டியை நான் திறக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் கட்டிப் பார்த்ததைப் பார்த்தேன். டார்கிலைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் முறை வந்தபோது படகைக் கட்டாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிப் பெட்டியோடு வெளியே போய்விட்டேன். படகு கட்டித்தான் இருந்தது. அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் இந்தத் தீவில் எனக்குச் சரிசமமாகக் கில்ட் கட்டி நின்றவன் இல்லை. இது கதை இல்லை, டார்கிலைக் கேள்.

கிரீஃப்பில் படியேறும்போது எல்லாரும் பார்ப்பார்களே என்றுதான். வேறொன்றும் இல்லை.

இன்று காலையில் நர்ஸ் ஷீனாவிடம் போனேன். சட்டையைத் தூக்கச் சொன்னாள். முட்டிபோடச் சொன்னாள். தேவாலயத்தில்கூட நான் முட்டிபோட்டு வருஷம் பல ஆயிற்று. எழுந்திருக்க அவள்தான் கைகொடுத்தாள். சிரிக்கவில்லை. அவள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையாலும் எழுதுகிறேன்.

தொப்புளைச் சுற்றி: நாற்பத்தேழு.
பின்புறம்: நாற்பத்தொன்பது. அது முன்பே சரியாகத்தான் எழுதினேன்.
முட்டிபோட்டுத் தரைவரை: இருபத்துநாலரை.
நிறம்: சாம்பல்.

மாமா

*

கிளாஸ்கோ
2 மே 1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் 29-ஆம் தேதி வந்தது. அன்றைக்கே கடைக்கு ஓடினேன். மிஸஸ் ராங்கின் தாளைப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "முப்பது வருஷத்துல தொப்புளச் சுத்தி உண்மை சொன்ன ரெண்டாவது ஆம்பளை" என்றார். முதல் ஆள் நைஜல்.

எடின்பரோவுக்குத் தொலைபேசி போட்டார். டார்கிலுக்கு நாற்பது இருக்கிறது. ஆங்கஸுக்கு நாற்பத்திரண்டு இருக்கிறது. சாம்பலில் அதுதான் கடைசி அளவு. நாற்பத்தேழுக்கு இல்லை. பெர்த், அபர்டீன், இன்வெர்னஸ் என்று எல்லா இடத்துக்கும் கேட்டுப் பார்த்தார். எங்கேயும் இல்லை. நான் கடை நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், அந்த உண்மைக்கு இந்த நாட்டில் துணி இல்லை.

அப்போது தையல்காரர் பின்னறைக்குள் போனார். தூசி தட்டிக்கொண்டே ஒன்றைக் கொண்டுவந்தார். பாக்பைப் வாத்தியம் ஊதுகிற ஒரு பெரிய ஆளுக்காக எப்போதோ தைத்தது, அவர் வாங்கவே வரவில்லையாம். நாற்பத்தாறு. வாரைத் தளர்த்தினால் நாற்பத்தெட்டுவரை வரும். கிளாஸ்கோவிலேயே அந்த அளவில் இருக்கிற ஒரே கில்ட்.

மக்லேன் சிவப்பு.

எல்ஸ்பெத்திடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சொன்னேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு மழைமேகம், நடுவுல ஒரு தபால்பெட்டி. போட்டோல உங்க மாமாவத் தேடவே வேண்டாம்" என்றாள். நீங்கள் அவளுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். சொல்லமாட்டாளாம்.

யாராவது "ஏன் இவர் மட்டும் சிவப்பு?" என்று கேட்டால், சொல்லும் பொறுப்பு உங்களுடையது. திமிங்கிலம் ஒன்றுக்குமேல் வேண்டாம்.

வெட்டித் தைக்க இனி நேரமில்லை, நாற்பத்தெட்டுக்குமேல் போகாது. நாற்பத்தேழு நிச்சயம்தானே?

ஃபின்லி

*

(அஞ்சலட்டை)

டோபர்மோரி
6 மே 1986

மாப்ளே,

ஷீனா அளக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தேன். அவளுக்குத் தெரியாது. நாற்பத்தொன்பது. மிஸஸ் ராங்கினிடம் இன்னொரு வார் தைக்கச் சொல். ரகசியமாக.

மாமா